பால் சங்கத்தின் அன்றாடப் பணியில் தானியங்கி முறை

சிறு தொழிலில் நாள்தோறும் மாறாமல் செய்யப்படும் பணிகளைக் கருவிகளிடம் ஒப்படைப்பது என்றதும், நகரத்துக் கணக்கு அலுவலகங்களே பலருக்கு நினைவுக்கு வரும். குஜராத் மாநிலத்தின் கிராமப் பால் கூட்டுறவுச் சங்கம் இதற்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஒரு சங்கத்திற்கு 200 உறுப்பினர்கள் காலையும் மாலையும் பால் கொண்டுவந்தால், ஒரே நாளில் 400 முறை எடை பார்த்து, மாதிரி எடுத்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, ஏட்டில் பதிந்து, தொகை கணக்கிட வேண்டும். நகரத்துக் கடைகள் பலவற்றில்கூட இத்தனை நடவடிக்கைகள் இரா.

ஆனந்த் நகரில் 1946-இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தோன்றிய கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியமும், அதனைப் பின்பற்றி எழுந்த ஏனைய ஒன்றியங்களும், பாலின் அளவுக்கு மட்டுமன்றித் தரத்திற்கும் விலை கொடுக்கும் முறையை நிலைநாட்டின. எனவே, கொழுப்புச் சோதனையே உற்பத்தியாளரின் வருவாயை முடிவு செய்வதாயிற்று.

நெடுங்காலம் இச்சோதனை கெர்பர் முறையில் நடைபெற்றது. பியூடிரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி லிட்டர் கந்தக அமிலம், 10.75 மில்லி லிட்டர் பால், 1 மில்லி லிட்டர் அமைல் ஆல்கஹால் ஆகியவற்றை ஊற்றி, குலுக்கி, சுழற்பொறியிலிட்டுச் சுற்றி, 65 டிகிரி வெப்பமுள்ள நீரில் வைத்த பின், மேலே பிரிந்து நிற்கும் கொழுப்பை அளவுகோட்டில் படிக்க வேண்டும். முறை நம்பகமானதே. ஆனால் அமிலம் கையைச் சுடும். பால் ஊற்றும் வரிசை நகர வேண்டுமானால், மாதிரிகளை எடுத்து வைத்துவிட்டுப் பின்னர்தான் சோதிக்க முடியும். உறுப்பினர் வீடு திரும்பிய பிறகு வேறொருவர் குழாயைப் படித்து எண்ணை எழுதுவார். அந்த எண்ணைச் சரிபார்க்க உறுப்பினருக்கு வழியில்லை.

அந்த எண் எவ்வளவு பெறும்? ஒரு கிலோ கொழுப்பின் விலை ரூ.800 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 5 லிட்டர் எருமைப்பால் ஊற்றுபவருக்குக் கொழுப்பு 0.2 சதவீதம் குறைத்துப் படிக்கப்பட்டால், ஏறத்தாழ 10 கிராம் கொழுப்பு, அதாவது எட்டு ரூபாய் குறையும். இரு வேளையும் அவ்வாறே நேர்ந்தால் மாத இழப்பு ஏறத்தாழ ரூ.500 ஆகும். ஓர் எருமை மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

1990-களில் பரவத் தொடங்கிய தானியங்கிப் பால் சேகரிப்பு நிலையம், மின்னணு எடைக்கருவியையும் பால் சோதனைக் கருவியையும் கணிப்பொறியையும் ஒன்றாக இணைத்தது. உறுப்பினர் எண்ணைப் பதிந்தவுடன் எடை தானே ஏறும். சோதனை ஒரு நிமிட அளவில் முடியும். எடை, கொழுப்பு, தொகை மூன்றும் அச்சிட்ட சீட்டாக உறுப்பினர் கைக்கு வந்துவிடும். நேரம் மிச்சமாவது இதன் சிறு பயனே. உறுப்பினர் எதிரில் நிற்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. ஐயமிருந்தால் அங்கேயே மறுசோதனை கேட்கலாம். பேரேடு, உறுப்பினர் கணக்கு ஆகியவற்றைச் செயலாளர் இரவில் உட்கார்ந்து எழுதும் வேலையும் ஒழிந்தது.

ஆயினும் கருவி தவறே செய்யாது என்ற எண்ணம் இடர் தருவது. முன்பு ஒருவரின் குழாயைத் தவறாகப் படித்தால் அவர் ஒருவருக்கே இழப்பு. அளவுத் திருத்தம் பிசகிய கருவியோ, வரிசையில் நிற்கும் அனைவருக்கும் ஒரே தவற்றை அழகாக அச்சிட்டுக் கொடுக்கும்! எடைக்கருவியைக் காலமுறையில் சரிபார்த்து முத்திரையிட 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் வகை செய்கிறது. சோதனைக் கருவியைச் சங்கமே கண்காணிக்க வேண்டும்: நாள்தோறும் துப்புரவு செய்வதும், சில மாதிரிகளைப் பழைய கெர்பர் முறையில் சோதித்து ஒப்பிடுவதும் தவிர்க்க முடியாதவை. பழைய குழாய்களைத் தூக்கி எறிந்துவிடும் சங்கம் தன் கருவியைச் சோதிக்கும் அளவுகோலை இழந்துவிடுகிறது.

பணப் பட்டுவாடா தனிக் கவனத்திற்குரியது. 2016 நவம்பரில் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்ட பின், பால் தொகையை வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் முறை விரைந்து பரவியது. இதனால் ரொக்கத்தைக் கையாளும் பொறுப்பு சங்கத்திற்குக் குறைந்தது. ஆனால் கறப்பதும் ஊற்றுவதும் மனைவியாகவும், உறுப்பினர் பெயரும் வங்கிக் கணக்கும் கணவருடையனவாகவும் இருக்கும் வீடுகளில், முன்பு அவள் கைக்கு வந்த ரொக்கம் இப்போது வருவதில்லை. கருவியை நிறுவும் முன்பே உறுப்பினர் பதிவேட்டைத் திருத்தியிருக்க வேண்டும். தவறான பெயரைக் கணிப்பொறி விரைவாகச் செயற்படுத்துமேயன்றித் திருத்தாது.

2024-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் வெண்மைப் புரட்சித் திட்டத்தில் இத்தகைய கருவிகளுக்கு உதவி உண்டு. அவற்றைப் பெறும் சங்கம் முதல் நாளிலிருந்தே ஒரு கணக்கைத் தனியே வைப்பது நலம். உறுப்பினர் சீட்டுகளின்படி அன்று சேர்ந்த மொத்தக் கொழுப்பு எவ்வளவு, அதே பாலைப் பெற்றுக்கொண்ட ஒன்றியம் தன் ஆய்வகத்தில் கண்டது எவ்வளவு என்பதே அது. இரண்டிற்குமுள்ள வேறுபாடு பல நாள்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், எடுத்துச் செல்லும் வழியையும் ஆய்வகத்தையும் ஐயுறும் முன், சங்கத்தின் சோதனைக் கருவியை முதலில் பார்க்க வேண்டும்.