சென்டினல் என்றால் பாராக்காரன்

அந்தமானின் வட சென்டினல் தீவு என்றதும் வெளியாரை விரட்டும் வில்லும் அம்பும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்தப் பெயர் மேல்தான் கண்.

சென்டினல் என்றால் பாராக்காரன். நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பார்க்கும் ‘பாரா டியூட்டி’தான். இத்தாலியில் ‘சென்டினெல்லா’, பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல். உணர்வது என்று பொருள்படும் ‘சென்டீரே’ என்ற லத்தீன் வினைதான் வேர் என்று பலர் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால், இருட்டில் காலடிச் சத்தத்தை முதலில் கேட்பவன்தான் சென்டினல். சண்டை போடுவது பிறகு. மருத்துவத்திலும் இந்தச் சொல் உண்டு. சில மையங்களில் மட்டும் ரத்தம் சோதித்து எச்.ஐ.வி. எந்தப் பக்கம் நகர்கிறது என்று மோப்பம் பிடிப்பதற்கு ‘சென்டினல்’ கண்காணிப்பு என்று பெயர்.

ஆளே குடியிருக்காத தெற்குத் தீவுக்கும் சென்டினல் என்றே பெயர் என்பதால், மனிதர்களைப் பார்த்து வைத்த பெயராக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பலித்துவிட்டது.

எதிலிருந்து காவல்? 1880-இல் ஒரு பிரிட்டிஷ் குழு வட சென்டினலில் இறங்கி, வயதான இருவரையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குத் தூக்கிச் சென்றது. நோய் கண்டு பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். கூடவே என்னென்ன கிருமி போனதோ! 1877-இல் பெரிய அந்தமானியப் பழங்குடியினரை வாரிக்கொண்டு போனது தட்டம்மை. 1999-இல் அதே தட்டம்மை அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்களிடம் வந்தது. வெளியே வந்து பழகியதற்குக் கிடைத்த கூலி.

மருந்தும் படிப்பும் சென்டினல் தீவுக்காரர்களுக்கு மட்டும் வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்.

1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. ஆனால் சட்டத்தைவிட வேகமாக ஓடுகிறது கேமரா. 2025 மார்ச்சில் ஒரு வெளிநாட்டுக்காரர் ரப்பர் படகில் போய், கரையில் ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பான கேனையும் வைத்துவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டு திரும்பினார். தும்மினாரா என்று வீடியோ சொல்லாது. இன்னொருவர் அதைப் பார்த்துக் கிளம்பினால்?

அந்தமானுக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? பாராடாங் குகைக்குப் போகும் சாலை ஜாரவாக் காட்டுக்குள்தான் போகிறது. அங்கே அவர்களைப் படம் எடுப்பது குற்றம். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள்.