ஏஐயை யார் கண்காணிக்கணும்? இத்தாலி சொல்லும் பாடம்

ஏஐயைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வேணுமான்னு நிறையப் பேர் கேட்கிறீங்க. நான் இத்தாலியை உதாரணமா எடுத்துக்கிறேன்.

2023 மார்ச் கடைசியில, இத்தாலிக்காரங்களோட தகவல்களைச் சாட்ஜிபிடி கையாளக்கூடாதுன்னு அந்த நாட்டுத் தனியுரிமை ஆணையம் உத்தரவு போட்டது. ஓபன்ஏஐ அங்கே சேவையை நிறுத்தியது. அப்போ ஏஐ சட்டமே கிடையாது. ஆணையத்தின் கையில் இருந்தது ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான். மக்களோட தகவலை எந்த உரிமையில எடுத்தீங்க, பயன்படுத்துறவங்க வயசைப் பார்க்கிறீங்களா என்று ஆணையம் கேட்டது. நிறுவனம் சில மாற்றங்கள் செய்த பிறகு, ஏப்ரல் 28-ல் சேவை திரும்பியது.

2025 செப்டம்பர்ல தனிச் சட்டமும் நிறைவேறியது. 14 வயசுக்குக் கீழே இருந்தா ஏஐ பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேணும். தீங்கு செய்யும் டீப்ஃபேக்கைப் பரப்பினால் 1 முதல் 5 வருஷம் வரை சிறை.

நல்ல விதிகள்தான். ஆனா கண்காணிப்பை டிஜிட்டல் முகமையிடமும் சைபர் பாதுகாப்பு முகமையிடமும் கொடுத்திருக்காங்க. இரண்டுக்கும் தலைவரை அரசாங்கம்தான் நியமிக்குது. தனியுரிமை ஆணைய உறுப்பினர்களையோ நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்குது. அதன் பழைய அதிகாரமும் தொடருது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? நாளைக்கு ஓர் அரசுத் துறையே ஏஐ வெச்சு ஒருத்தரோட உதவித்தொகையை நிறுத்தினா, அரசு நியமிச்ச அதிகாரி தயங்காம விசாரிப்பாரா? அதனால எந்த நாட்டு ஏஐ சட்டத்தைப் படிச்சாலும், தண்டனைப் பகுதிக்கு முன்னாடி நான் தேடுறது ஒண்ணுதான்: விசாரிக்கிறவரை நியமிக்கிறது யாரு?