மெருகும் தேய்வும்

பழைய மோட்டார் வண்டிக்கு மெருகிடுவோர், அதன்மேல் ஒளியொன்றைப் புதிதாய் ஏற்றுவதாகவே எண்ணுவர். உண்மையில் அங்கு நிகழ்வது தேய்த்து நீக்குதல் ஆகும். மேற்பரப்பின் மிக நுண்ணிய படையொன்று நீங்க, அதன் அடியில் மறைந்திருந்த பூச்சு வெளிப்படுகின்றது. நீங்கிய படை மீண்டும் வருவதில்லை. ஆதலின் மெருகிடுதல், வரவற்ற முதலிலிருந்து செலவு செய்தலை ஒக்கும். எவ்வளவு செலவிடலாம், எவ்விடத்தில் நிறுத்தல் வேண்டும் என்பவற்றை அறிதலே இத்தொழிலின் உயிர்நிலை.

இவ்வறிவு இலங்கையருக்குப் பெரிதும் வேண்டற்பாலது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டிகளுட் பல இந்நாட்டில் இன்றும் ஓடுகின்றன. 1990களிற் பெற்றோல் கிடைத்தற்கரியதாகிய காலத்தில், யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெயால் ஓடிய ஒஸ்ரின் வண்டிகளை முதியோர் மறவார். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ருவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், உள்ள வண்டியைப் பேணுதல் விருப்பத்தோடு அமையாது தேவையும் ஆயிற்று. எனினும் ஐம்பது ஆண்டு வெயிலைத் தாங்கி நின்ற பூச்சு, அறியாதார் கையிற் பொறி அகப்பட்டால் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடக்கூடும்.

பழைய பூச்சுக்கு வருங் கேடு இருவகைப்படும். முதலாவது மங்கல். பூச்சென்பது நிறப்பொடியும் அதனைப் பிணைத்து நிற்கும் பிசினும் சேர்ந்தது. சூரியனின் ஊதாக் கடந்த கதிர்களும், காற்றிலுள்ள ஒட்சிசனும், ஈரமும் கூடிப் பிசினைச் சிதைக்கின்றன. பிணைப்பிழந்த நிறப்பொடி சுண்ணத்தூள் போல மேலே நிற்கின்றது. சிவப்பு வண்டி காலப்போக்கில் வெளிறித் தோன்றுவது இதனாலாகும். இரண்டாவது கீறல். புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியாலே துடைக்குந்தோறும், இடையில் அகப்பட்ட மணற்றுகள் மயிரிழையினும் நுண்ணிய கோடுகளை இடுகின்றது. அவை பல திசைகளிலுங் கிடப்பினும், சூரியனது விம்பத்தைச் சூழ்ந்து சிலந்திவலை போல வட்டமாகத் தோன்றும். ஒளியைக் கண்ணுக்குத் திருப்பத்தக்க நிலையிற் கிடக்கும் கோடுகள் மட்டுமே மின்னுவதால் அத்தோற்றம் விளைகின்றது. இவ்விரு கேடுகளாலும் ஒழுங்கான தெறிப்புக் குலைந்து ஒளி சிதறுகின்றது. முன்னர் ஆடிபோல் உருவங் காட்டிய பரப்பு, பால் படிந்தது போலாகின்றது.

மெருகு இதனை எவ்வாறு தீர்க்கின்றது? நியூற்றன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலே, கண்ணாடியை மெருகிடும் பொடி எத்துணை நுண்ணியதாயினும் கீறியே தேய்க்கின்றது என்பதை விளக்கியுள்ளார். பொடி சிறுக்கக் கீறலுஞ் சிறுத்து, ஈற்றிற் கண்ணுக்குப் புலனாகாது போகின்றது. வண்டியின் பூச்சிலும் இதுவே நிகழ்கின்றது. கீறலின் பள்ளத்தை எப்பொருளும் நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பே பள்ளத்தின் அடிமட்டம் நோக்கித் தேய்ந்து இறங்குகின்றது.

இனி, செலவிடத்தக்க முதல் எவ்வளவு என்பது நோக்கத்தக்கது. 1920களில் அமெரிக்காவில் ‘டூக்கோ’ என்னும் நைத்திரோசெலுலோசுப் பூச்சு வழக்கிற்கு வந்தமையால், முன்னர் வாரக்கணக்கில் நடைபெற்ற பூச்சுவேலை மிகவுஞ் சுருங்கிற்று. அக்காலத்திலும் பின்னர்ப் பல்லாண்டுகளிலும் நிறமும் பளபளப்பும் ஒரே படையில் அமைந்தன. 1980களில் நிறப்படையின்மேல் நிறமற்ற தெளிபடையொன்றைப் பூசும் முறை பரவிற்று. இத்தகைய வண்டியில் எல்லாப் படைகளுஞ் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்குரோன். தெளிபடை பெரும்பாலும் 35 முதல் 50 மைக்குரோன் மட்டுமே. மனிதரது தலைமயிரின் தடிப்போ ஏறக்குறைய 70 மைக்குரோன். மறைவான ஓரிடத்தை மெருகுக்குழம்பு தோய்ந்த வெண்டுணியாலே தேய்க்குங்கால் வண்டியின் நிறம் துணியில் ஏறுமாயின், அஃது ஒற்றைப்படைப் பூச்சென அறியலாம். தடிப்பைக் கருவியால் அளந்து தொடங்குதல் எப்பூச்சுக்குஞ் சிறந்தது.

மெருகுப்பொறிகள் இருவகையின. ஒன்று ஓரச்சிற் சுழல்வது. நிமிடத்திற்கு 600 முதல் 3000 வரை சுற்றுகள் செல்வது. அது விரைந்து தேய்க்கும். ஆயின் ஓரிடத்தில் நின்றால் வெப்பம் மிகுந்து பூச்சைக் கருக்கும். பயிலாத கையிற் புதிய கோடுகளையும் இட்டுச் செல்லும். மற்றையது சுழல்வதோடு மையம் விலகியும் ஆடுவது. அது மெல்லத் தேய்க்கும். அழுத்தம் மிகுந்தால் அதன் தட்டுச் சுழலாது நின்றுவிடும். தொடங்குவோருக்கு அதுவே தக்கது.

வண்டியை நிழலில் நிறுத்திக் கழுவியபின், பூச்சிற் பதிந்துள்ள இரும்புத்துகள், தார்த்துளி முதலியவற்றை, அதற்கென விற்கப்படும் களியை வழுக்குநீரோடு தடவி அகற்றல் வேண்டும். விளிம்புகளிலும் புடைத்த வரைகளிலும் பூச்சு மெலிந்திருத்தலின், அவற்றை ஒட்டுநாடாவால் மூடுதல் நன்று. அடுத்து, பொனற்றின்மீது பக்கம் 50 சதமீற்றர் கொண்ட ஒரு சதுரத்தில் மட்டும் சோதனை செய்தல் வேண்டும். மென்மையான நுரைப்பஞ்சுத் தட்டும் நுண்ணிய குழம்புங் கொண்டு தொடங்கி, அவை போதாவிடத்து மட்டுமே வன்மை மிக்கவற்றை நாடுதல் முறை. குழம்பிலுள்ள தேய்பொருள் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டு. ஒரு தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடுமாறு, பொறியை நெடுக்கிலும் பின்னர்க் குறுக்கிலும் மெல்லச் செலுத்தல் வேண்டும். ஒற்றைப்படைப் பூச்சாயின் உதிரும் நிறம் தட்டில் அடைந்துவிடும். அதனை அடிக்கடி துப்புரவு செய்தல் வேண்டும். பழைய நிறப்பொடிகளில் ஈயச்சேர்வை இருத்தல் கூடுமாதலால், தூசு எழாது காத்தலும் முகமூடி அணிதலும் கட்டாயம். குழம்பிலுள்ள எண்ணெய் கீறலை மறைத்துப் பொய்யான மெருகைக் காட்டும். ஆதலின் ஐசோபுரோப்பைல் அற்ககோலை நீரிற் கலந்து துடைத்த பின்னரே, விளக்கொளியிற் பயனைக் கணித்தல் வேண்டும்.

சில கேடுகளை மெருகு தீர்க்காது. நகத்தை ஓட்டும்போது நகம் தடுக்கும் கீறல், பூச்சின் முழு ஆழத்திலும் பரந்த வெடிப்பு, உரிந்த தெளிபடை ஆகியன அத்தகையன. அவற்றைத் தேய்த்துத் தீர்க்க முயல்வோர், அடிப்பூச்சு வெளிப்பட்ட பின்னரே தம் பிழையை உணர்வர். தெளிபடையின் மேற்பகுதியை மிகுதியாய் நீக்கின், எஞ்சியது வெயிலைத் தாங்கும் ஆற்றலும் குறையும். ஆழ்ந்த கீறல் ஒன்றிரண்டை அவ்வாறே விட்டு, நுண்கீறல்களை மட்டும் நீக்கி அமைதலே அறிவுடைமை. ஆண்டுகள் பல கடந்த வண்டியில் அவை குறையாகா.

ஈற்றில் மெழுகிடுதல் உண்டு. பிரேசில் நாட்டுப் பனைவகையொன்றின் இலையிலிருந்து பெறப்படும் கானோபா மெழுகோ, செயற்கைப் பல்பகுதியச் சேர்வையோ இதற்கு உதவும். மெருகு குறைப்பது, மெழுகு காப்பது. பின்னர் உலர்ந்த துணியை விலக்கி, புழுதியை நீராற் கழுவிய பின்னரே துடைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால், அடுத்த மெருகு பல ஆண்டுகளுக்கு வேண்டப்படாது. அவ்வாண்டுகள் யாவும் பூச்சின் ஆயுளோடு சேரும்.