நம் தகவலுக்கு யார் பொறுப்பு?

2018-ஆம் ஆண்டு பேரவைக் கலைவிழாவில் பதிவு மேசை என் பொறுப்பு. அதிர்ஷ்டக் குலுக்குக்காக வந்தவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். முன்னாள் மாணவர் ஒருவர், "தம்பி, பெயர் போதாதா? இந்த நோட்டு நாளைக்கு யார் வீட்டில் இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவியவர்கள், 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைக் களவாடியிருந்தனர். சுமார் 160,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரமும் போயிற்று. அவர்களுள் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங்கும் ஒருவர். சந்தேகத்துக்குரிய அறிகுறிகளைக் கண்ட பின்பும் சில ஊழியர்கள் மேலிடத்துக்குத் தெரிவிக்கத் தாமதித்தார்கள் என்று விசாரணைக் குழு பின்னர் கண்டறிந்தது. 2019 ஜனவரியில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், கணினிச் சேவை வழங்கிய நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

நான் முதலில் புரிந்துகொள்ளாத இடம் ஒன்று இங்கே உண்டு. இரண்டும் அரசுக்குச் சொந்தமானவைதாம். ஆனாலும் நிறுவனங்களாகப் பதிவு பெற்றவை. அதனால்தான் அபராதம் விதிக்க முடிந்தது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களையும் சங்கங்களையும் கட்டுப்படுத்தும். அமைச்சுகளையும் மற்ற அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்தாது. என் நோட்டுப் புத்தகத்தின் மீது சட்டம் பாயலாம். அமைச்சின் பதிவேட்டின் மீது பாயாது!

அதே 2019 ஜனவரியில் எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்த செய்தி வெளியானது. அது சுகாதார அமைச்சின் பதிவேடு. அதிலுள்ள தகவல்கள் வெளியாள் ஒருவரிடம் இருப்பதை அறிந்து, அமைச்சு 2016-லேயே காவல்துறையில் புகார் செய்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோருக்கு 2019-ல்தான் தெரிந்தது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். இந்த நோய் தனக்கு உண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் எதை மாற்றுவது?

அரசுக்குச் சட்டமே இல்லை என்று சொல்வதும் தவறு. 2018-ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் தகவலை வெளியிடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் தண்டனை அந்தத் தனிமனிதருக்குத்தான். கதவைத் திறந்து வைத்திருந்த அமைப்புக்கு இல்லை.

அமைச்சுக்கு அபராதம் விதித்தால் மட்டும் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பார்கள். வரிப்பணத்தை ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதுதானே? நியாயமான கேள்வி. அபராதத்தை நானும் வற்புறுத்தவில்லை. 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அதை உறுதிசெய்த மூன்று நாள்களுக்குள் நிறுவனங்கள் ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். அரசு அமைப்புகளுக்குத் தனி விதிமுறைகள் உண்டு; ஆயினும் அங்கே ஆணையத்தின் அதிகாரம் செல்லாது. அந்த மூன்று நாள் கெடுவும் ஆணையத்தின் கேள்விகளும் அமைச்சுக்கும் வரட்டும் என்பதே என் கோரிக்கை.