பழைய வாக்குவம் கிளீனருக்கு மறுபிறவி

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கேன்டன் நகரத்துக் கடையொன்றில் துப்புரவுப் பணி பார்த்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாக்காரர். கம்பளத்தைப் பெருக்கும்போது கிளம்பும் தூசி அவருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவந்தது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறை. இவற்றை இணைத்து அவரே ஒரு கருவி செய்துகொண்டார். 1908-ல் காப்புரிமையும் கிடைத்தது.

அதை வாங்கியவர் வில்லியம் ஹென்றி ஹூவர். குதிரைச் சேணம் உள்ளிட்ட தோல்பொருள்களைத் தயாரித்தவர். கார்கள் பெருகப் பெருக சேணத்துக்குக் கிராக்கி குறையும் என்று கணித்து, மாற்றுத் தொழில் தேடிக்கொண்டிருந்தார். ஒரு துப்புரவுத் தொழிலாளியின் யோசனை அவர் கையில் உலக வணிகமாக வளர்ந்தது.

இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்தக் காலத்துக் கருவிகளைத் தேடிப்பிடித்து, பழுது நீக்கி, மறுபடி ஓடவைப்பதையே வாழ்நாள் ஆர்வமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1936-ல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150, 1937-ல் லூரெல் கில்ட் வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் டிரிப்பிள் எக்ஸ், வெளியேறும் காற்றிலேயே மிதந்து நகர்ந்த 1950-களின் ஹூவர் கான்ஸ்டலேஷன் போன்றவை அவர்கள் நேசிக்கும் மாடல்கள்.

வயரில் தொடங்கும் வேலை

வாங்கி வந்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்க மாட்டார்கள். முதலில் வயரைச் சோதிப்பார்கள். பழைய ரப்பர் உறை காய்ந்துபோய், மடக்கினாலே பொடிப்பொடியாக உதிரும். உலோக பாடியில் கரன்ட் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே புது வயர் கட்டாயம்.

அடுத்தது மோட்டார். சுழலும் ஆர்மேச்சரின் ஒரு முனையில் செப்புப் பட்டைகள் வரிசையாகப் பதிந்த கம்யூட்டேட்டர் இருக்கும். அதை இருபுறமும் அழுத்தியபடி மின்சாரம் தருபவை கார்பன் பிரஷ்கள். பிரஷ் தேயத் தேய, கரித்தூள் பட்டைகளின் இடுக்குகளில் அடைந்துகொள்ளும். அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, நைஸான உப்புத்தாளால் செம்பை மெருகேற்ற வேண்டும். மின்சாரம் கடத்தும் துகள்கள் எமரித் தாளிலிருந்து உதிர்ந்து இடுக்கில் சிக்கினால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் அதைத் தொடவே மாட்டார்கள்.

பிறகு பேரிங். பல்லாண்டு ஓடாமல் கிடந்ததில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். கழுவிப் புது கிரீஸ் வைப்பார்கள், அல்லது பேரிங்கையே மாற்றுவார்கள். எல்லாம் முடிந்ததும், கருவிக்குப் போகும் மின்பாதையில் ஒரு பல்பைத் தொடராக இணைத்து (சீரிஸ் பல்பு) பார்த்த பிறகே நேரடி கரன்ட். பிரஷ் முனையில் சின்னச் சின்ன நீலப் பொறிகள் தெரிந்தால் கவலையில்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வெளிப்புறத்துக்கு வேறு பக்குவம். அலுமினியத்தை பஃபிங் செய்து பளபளக்க வைக்கலாம். பேக்கலைட் மூடியில் மேலே இருப்பது மெல்லிய மினுமினுப்பு. அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே மங்கலான அடிப்பொருள் தெரிந்துவிடும், பழைய பளபளப்பு திரும்பாது. எனவே மெதுவாக பாலிஷ் போடுவதோடு சரி. பையில் அச்சான எழுத்து மங்கியிருந்தால், அது அந்தக் கருவியின் வரலாறு என்று அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு.

ஏன் இவ்வளவு பாடு?

திருகைக் கழற்றினால் திறந்துகொள்ளும், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். இந்த எண்ணத்தோடு செய்யப்பட்டவை அந்தப் பழைய கருவிகள். எட்டு, ஒன்பது பத்தாண்டுகள் கழித்தும் அவற்றில் பல ஓடுவதற்குக் காரணம் அதுதான். திறக்கவே முடியாதபடி ஒட்டி விற்கப்படும் இன்றைய கருவிகளுக்கு இவை தரும் பதில் அழுத்தமானது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் பொருந்தும் பொருள்களின் பட்டியலில் வாக்குவம் கிளீனரும் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து பழைய கருவி எதையாவது கொண்டுவந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாதீர்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். 1980-களில் யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் இந்திய நகரங்களில் வீடு வீடாக வந்து விற்றுப்போன யூரோகிளீன் உங்கள் பரணில் கிடக்கிறதா? எடைக்குப் போடுமுன், பக்கத்து மோட்டார் வைண்டிங் கடையில் ஒருமுறை காட்டுங்கள். பல நேரம் பழுது என்பது தேய்ந்துபோன ஒரு ஜோடி கார்பன் பிரஷ் மட்டும்தான்.