போசணையியல் பட்டப்படிப்பு: பாடப்புத்தகத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை



சாதாரண தர விஞ்ஞானத்தில் போசணை பற்றிய பகுதியை உங்களில் பலர் அட்டவணையாகவே மனனம் செய்கிறீர்கள். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண், அயடீன் குறைந்தால் கழுத்துக்கழலை, இரும்பு குறைந்தால் குருதிச்சோகை. எழுதினால் இரண்டு மூன்று புள்ளிகள் கிடைக்கும். பரீட்சை முடிந்ததும் அட்டவணை மறந்துவிடும்.

ஆனால் அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு முழுத்துறை இருக்கிறது. அதை நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம்; படித்துத் தொழிலும் செய்யலாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் நமது தோட்டங்களுக்கு அத்துறையில் படித்தவர்கள் மிகவும் தேவை. அதனால்தான் கலைப் பட்டதாரியான நான் இந்த விஞ்ஞானப் பாடம் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

1. மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

உணவு விஞ்ஞானம், போசணையியல், உணவூட்டவியல் ஆகிய மூன்றையும் ஒன்றென எண்ணிக் குழம்ப வேண்டாம்.

உணவு விஞ்ஞானம் உணவுப் பொருளைப் பற்றியது. அதில் என்ன அடங்கியுள்ளது, அது ஏன் பழுதடைகிறது, எவ்வாறு பாதுகாக்கலாம் என ஆராய்கிறது.

போசணையியல் உண்ட உணவு உடலுக்குள் என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. சமிபாடு, அகத்துறிஞ்சல், வளர்ச்சி, குறைபாட்டு நோய்கள் என்பன இதில் அடங்கும்.

உணவூட்டவியல் அந்த அறிவை ஒரு மனிதருக்குப் பயன்படுத்துவது. நீரிழிவு நோயாளி, சிறுநீரகம் பழுதடைந்தவர், கர்ப்பிணித் தாய் ஆகியோருள் யார் எதை, எவ்வளவு, எப்போது உண்ண வேண்டும் என வகுத்துக் கொடுப்பது இதன் பணியாகும்.

2. தேயிலை மலையில் தொடங்கிய ஆராய்ச்சி

இந்தியாவின் தேசிய போசணை நிறுவகம் இன்று ஹைதராபாத்தில் உள்ளது. ஆனால் அது தொடங்கியது நமது மலைகளைப் போன்ற ஒரு தேயிலை மலையில்தான். 1918 ஆம் ஆண்டு நீலகிரியின் குன்னூரில் ரொபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ஒரு சிறிய ஆய்வுகூடத்தை ஆரம்பித்தார். இந்தியாவின் வெவ்வேறு பிரதேச மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். முழுக் கோதுமை, பால், கீரை, பருப்பு கிடைத்த எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் உண்டவை மெலிந்தன. அந்நிறுவகம் 1958 இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் பிற்காலத்தில் அதன் பணிப்பாளராக விளங்கி உலகப் புகழ் பெற்றார்.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது யாது? வயிறு நிறைவது வேறு, உடல் போசிக்கப்படுவது வேறு.

3. நமது தோட்டங்களின் நிலை

2016 ஆம் ஆண்டு இலங்கையில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 100 க்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 100 க்கு ஏறத்தாழ 32 பேர். அதாவது மூன்று பிள்ளைகளில் ஒருவர்.

"நம் ஆட்கள் குள்ளம்தானே, அது பரம்பரை" என்று சிலர் கூறுவதுண்டு. இது முழு விளக்கமன்று. கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1000 நாட்களே வளர்ச்சிக்கு மிக முக்கியமானவை. தாய்க்குக் குருதிச்சோகை இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம். பின்னர் சுத்தமற்ற நீரால் அடிக்கடி வயிற்றோட்டம் ஏற்பட்டால் உண்ட உணவும் உடலில் சேராது. தாயின் உணவு, குடிநீர், மலசலகூடம், வருமானம் ஆகிய எல்லாம் சேர்ந்தே பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. இவை மாற்றக்கூடியவை.

அரசாங்கமும் நடவடிக்கைகளை எடுத்துள்ளது. சோளம், சோயா, பால்மா ஆகியன சேர்ந்த திரிபோஷா திட்டம் 1973 இல் ஆரம்பமானது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ஓராண்டில் உணவின் விலை ஏறத்தாழ இரு மடங்காகும்போது நாட்கூலிக் குடும்பம் முதலில் குறைப்பது முட்டையையும் மீனையும்தான்.

4. ஓர் எடுத்துக்காட்டு: ரொட்டியும் தேநீரும்

மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் காலை உணவு கோதுமை மா ரொட்டி, சம்பல், வெறுந்தேநீர் எனக் கொள்வோம். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 76 கிராம் காபோவைதரேற்று, 10 கிராம் புரதம், 1 கிராம் கொழுப்பு உண்டு.

காபோவைதரேற்று: 76 × 4 = 304
புரதம்: 10 × 4 = 40
கொழுப்பு: 1 × 9 = 9
மொத்தம்: 353 கிலோ கலோரி

(1 கிலோ கலோரி = 4.2 கிலோ யூல் எனக் கொண்டால் ஏறத்தாழ 1483 கிலோ யூல்.)

சக்தி கிடைக்கிறது. இரும்பு? தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் அகத்துறிஞ்சப்படுவதில்லை. தேநீரிலுள்ள தனின் போன்ற பதார்த்தங்கள் அவ்விரும்புடன் பிணைந்து அகத்துறிஞ்சலை மேலும் குறைக்கின்றன. விற்றமின் சி அதனைக் கூட்டுகிறது.

இத்தாயிடம் "தினமும் இறைச்சி, ஈரல் சாப்பிடுங்கள்" என்று கூறினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். போசணையியல் கற்றவர் பின்வருமாறு கூறுவார்: தேநீரை உணவோடு குடியாமல் ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள். வல்லாரை அல்லது முருங்கைக்கீரைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். வெப்பம் விற்றமின் சியை அழித்துவிடும். சிறிது நெத்தலிக் கருவாடு சேருங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள்.

இவற்றில் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஆனால் இப்படிச் சொல்வதற்கு விஞ்ஞானமும் தெரிய வேண்டும். லயத்து அடுப்படியும் தெரிய வேண்டும். அத்தாயின் மொழியும் தெரிய வேண்டும். நீங்கள் இத்துறைக்கு வந்தால், இரண்டாவதும் மூன்றாவதும் ஏற்கெனவே உங்களிடம் உண்டு.

5. பட்டப்படிப்பில் கற்பவை

உயிரிரசாயனவியல், மனித உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், உணவு இரசாயனவியல், புள்ளிவிபரவியல் ஆகியன அடிப்படைப் பாடங்கள். அடுத்து வாழ்க்கைக் கட்டப் போசணை, சமுதாயப் போசணை, நோயாளர் உணவூட்டல் என்பன வரும். செய்முறைகளில் உணவின் கூறுகளை அளத்தல், உயரம், நிறை என்பவற்றை முறையாக எடுத்தல், ஒருவர் கடந்த 24 மணிநேரத்தில் உண்டவற்றைக் கேட்டுக் கணித்தல் என்பன அடங்கும்.

"சமையல் படிப்புத்தானே" என்று யாரேனும் கூறினால் இப்பட்டியலைக் காட்டுங்கள்.

6. எங்கே, எவ்வாறு?

வயம்ப பல்கலைக்கழகத்தின் மாக்கந்துறை வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற நான்காண்டுப் பட்டப்படிப்பு ஆங்கில மொழிமூலம் நடைபெறுகிறது. இதற்கு விண்ணப்பிக்க உயர் தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். ஆகவே தீர்மானம் எடுக்க வேண்டிய காலம் உயர் தரம் முடிந்த பின்னர் அன்று. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடனேயே.

• விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் நல்ல சித்தி பெறுங்கள்.
• உயர் தரத்தில் இரசாயனவியலைக் கைவிடாதீர்கள். இத்துறையின் முதுகெலும்பு அதுவே.
• உங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லையெனில், பிரிவு உள்ள பாடசாலைக்கு விண்ணப்பிப்பது பற்றி அதிபரிடமும் பெற்றோரிடமும் இப்போதே பேசுங்கள். பெறுபேறு வந்தபின் கால அவகாசம் குறைவு.
• ஆங்கிலத்தைத் தினமும் அரைமணிநேரம் படியுங்கள்.
• பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் பாட இணைப்புகளைச் சரிபாருங்கள். பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் பதுளையும் மொனராகலையும் உள்ளன என்பதையும் மனதிற் கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. போசணையியலுக்கும் உணவூட்டவியலுக்கும் இடையிலான வேறுபாட்டை ஓர் உதாரணத்துடன் விளக்குக.
2. கீரைச் சுண்டலுக்குத் தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். காரணம் தருக.
3. இரும்பு மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்வது ஏன் பொருத்தமற்றது?
4. உங்கள் வீட்டில் நேற்று ஒவ்வொருவரும் உண்டவற்றைத் தனித்தனியே எழுதுக. வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார்? அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? குறைந்த செலவில் செய்யக்கூடிய இரண்டு மாற்றங்களைக் குறிப்பிடுக.

நான்காவது வினா பரீட்சைத் தாளில் வராது. எனினும் விடையை எழுதி, வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.