வால்வு மைக்குக்கு ஏன் ஏழு கம்பி?

1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படம், காரைக்குடி தேவகோட்டை சாலையில் ஏவி.மெய்யப்பன் நடத்திய ஸ்டுடியோவில் உருவானது. அதில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த ஆண்டு டிசம்பரில்தான். ஆகவே அந்தக் காலத்தில் குரலைப் பெருக்கிய வேலை முழுவதும் வால்வுகள் எனப்படும் வெற்றிடக் குழாய்களுடையது.

அந்த வால்வை மைக்குக்குள்ளேயே வைத்தால் அது வால்வு மைக். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த யு-47, 1960இல் கொண்டுவந்த யு-67 இரண்டையும் ஒலிப்பதிவாளர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். சாதாரண மைக்குக்கு மூன்று பின் உள்ள கேபிள் போதும். இவற்றுக்கு ஆறு, ஏழு பின்கள் வேண்டும்.

காரணம் இதுதான். மைக்கின் முன்பகுதியில் மெல்லிய சவ்வும் ஓர் உலோகத் தகடும் சேர்ந்து மின்தேக்கியாக இயங்குகின்றன. அது தரும் சமிக்ஞை மிக மெலிந்தது. நீண்ட கேபிளைத் தாங்காது. எனவே பக்கத்திலேயே வால்வு வேண்டும். யு-67இல் உள்ள இஎஃப்-86 வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 0.2 ஆம்பியர் தேவை. அதன் பிளேட்டுக்கு 200 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம் தனியாக வர வேண்டும். இரண்டையும் தருவது மைக்குக்கு வெளியே உள்ள பவர் சப்ளை பெட்டி. இவற்றோடு ஒலிக்கு இரண்டு கம்பி, கிரவுண்ட் ஒன்று. ஒலியை எந்தத் திசையிலிருந்து வாங்குவது என்பதைப் பவர் சப்ளை பெட்டியிலிருந்தே மாற்றும் மாடல்களில் அதற்கும் ஒரு கம்பி. டிரான்சிஸ்டர் வந்த பிறகே, 1966இல், நார்வே வானொலிக்காக நாய்மன் 48 வோல்ட் முறையை அமைத்தது. ஒலி செல்லும் கம்பிகளிலேயே மின்சாரமும் சென்றதால் மூன்று பின்கள் போதுமானவையாயின.

வால்வு மைக் கேபிளில் ஏமாற்றுவது கனெக்டர்தான். இரண்டு கம்பெனிகளின் மைக்கில் ஒரே ஏழு பின் கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒன்றில் ஹீட்டருக்கான பின், மற்றொன்றில் உயர் மின்னழுத்தத்துக்கானதாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் ஹீட்டர் இழை கருகிவிடும். யு-47இன் விஎஃப்-14 போன்ற வால்வுகளின் தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. போனால் அதே வால்வு கிடைப்பது அரிது.

கனெக்டரில் கம்பியைப் பற்றவைக்கும்போது இன்னொரு கவனமும் தேவை. முன்பக்கம் பார்க்கும்போது வலஞ்சுழியாகச் செல்லும் எண்கள், பின்பக்கம் பார்க்கும்போது இடஞ்சுழியாகிவிடும். ஒவ்வொரு பின்னருகிலும் பொடியாகப் பொறித்திருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் படித்த பிறகே ஈயம் வையுங்கள். கனெக்டரின் மூடியையும் ஸ்லீவையும் முன்கூட்டியே கேபிளில் கோத்துவிடுங்கள்.

கம்பியின் தடிமனும் முக்கியம். 0.22 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம். 10 மீட்டர் கேபிளில் போக, வர 20 மீட்டர், மொத்தம் 1.6 ஓம். 0.2 ஆம்பியர் பாயும்போது 0.32 வோல்ட் வழியிலேயே குறைந்து, வால்வுக்கு 6 வோல்ட்டுக்குள்தான் போய்ச் சேரும். ஹீட்டருக்குத் தடித்த கம்பி போட்டால் இந்த இழப்பு குறையும். ஒலிக்கான ஜோடியை முறுக்கித் தனி ஷீல்டுக்குள் கொண்டுசென்றால் ‘ஹம்’ இரைச்சல் அண்டாது.

கேபிள் தயாரானதும் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முனையின் 1ஆம் பின்னைத் தொட்டால், மறுமுனையின் 1ஆம் பின்னில் மட்டும் ‘பீப்’ ஒலி வர வேண்டும். மற்ற ஆறிலும் வரக் கூடாது; தொட்டது கிரவுண்ட் பின்னாக இல்லாவிட்டால் கனெக்டரின் உலோக உறையிலும் வரக் கூடாது. ஏழு பின்களையும் இப்படியே பாருங்கள். கேபிளை அசைத்து இன்னொரு முறை பாருங்கள். பிறகு மைக்கைச் செருகாமல் சப்ளையை மட்டும் இயக்கி, மைக் முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து, அந்த மாடலின் சர்க்யூட் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மைக் இல்லாத நிலையில் மின்னழுத்தம் சற்று ஏறித் தெரிவது இயல்பே. 200 வோல்ட் உயிரைப் பறிக்கக்கூடியது. அணைத்த பிறகும் பெட்டிக்குள் உள்ள கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அனுபவம் இல்லாதவர் இந்த அளவீட்டை எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

எந்தப் பின் எதற்கு என்ற பட்டியலை எழுதிச் சப்ளை பெட்டியில் ஒட்டிவையுங்கள். கேபிளின் இரு முனையிலும் மைக்கின் பெயரை எழுதுங்கள். ஒரு மைக்கின் கேபிளை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.